சிரட்டையில் ததும்பும் ரைபோசோம்கள்

உலகத்தின் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் செல்லை உடைத்து, அரைத்து, அசுர வேகத்தில் சுழற்றிப் பிரித்தெடுக்கிற சரக்கு ஒன்று உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மலையோரங்களில் அது விடியும் முன்னே மரத்திலிருந்து தானாக வடிந்து, தேங்காய்ச் சிரட்டையில் வந்து நிறைகிறது. குலசேகரத்தில், அருமனையில், திற்பரப்பில், பேச்சிப்பாறையில், நாஞ்சில் நாட்டின் வடக்கு ஓரத்துக் கீரிப்பாறையில் என்று எங்கே திரும்பினாலும் ரப்பர் பால்! அதைப் பார்க்காத கண் குமரியில் கிடையாது. ஆனால் அந்தப் பால் உண்மையில் என்ன என்று தெரிந்த நாள் முதல், ஒரு சிரட்டையையும் என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

அது மரம் உறிஞ்சிய தண்ணீர் இல்லை, பிசினும் இல்லை. உயிருள்ள செல்லின் உட்பொருள் அது. பாடப்புத்தகத்தில் சைட்டோபிளாசம் என்று படித்து, படம் வரைந்து, மதிப்பெண் வாங்கி, மறந்துபோனோமே, அதேதான்! நம் உடம்பின் எந்தச் செல்லிலும் அதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ரப்பர் மரம் மட்டும் அதைச் சிரட்டை கணக்கில் வெளியே ஊற்றுகிறது. அந்த வெள்ளைக்குள் ரைபோசோம்கள் மிதக்கின்றன. மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ. மிதக்கிறது. உயிர்கள் எல்லாமே எந்த வித்தையால் உயிராக இருக்கின்றனவோ, அந்தப் புரதம் கட்டும் வித்தைக்கான சாமான்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. வாருங்கள், உள்ளே எட்டிப் பார்த்துவிடுவோம்!

முதலில் பட்டைக்குள். வெளிப்பட்டையைத் தாண்டி, உயிருள்ள உட்பட்டையில் பால்குழாய்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. தனித்தனிச் செல்களாகப் பிறந்து, இடைச்சுவர்கள் கரைந்து, பக்கத்துக் குழாய்களோடும் இணைந்து ஒரே வலையாகிப்போன குழாய்கள் அவை. ஆகவே ஓரிடத்தில் வெட்டினால் சுற்றுவட்டாரத்துச் செல்களின் உள்ளடக்கம் எல்லாம் அந்த வாய்க்கு ஓடிவருகிறது. விடியற்காலையில் இலைகள் இன்னும் நீரை ஆவியாக்கத் தொடங்கியிருக்காது. மரம் முழுக்க நீர் விம்மி நிற்கும். அப்போது குழாய்களுக்குள் சுமார் 10 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கும். கார் டயரில் காற்றடிக்கிறோமே, அதைவிட நான்கு மடங்குக்கும் மேல்! நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டப் போகிறார்களே, அதற்குக் காரணம் இந்த அழுத்தம்தான்.

வெட்டும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் பழைய வெட்டின்மேல் ரிப்பன் மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை விரலால் உரித்து, இடுப்பில் தொங்கும் பையில் போடுகிறார் பால் வெட்டும் அக்கா ஒருவர். பிறகு கத்தி. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, சரிந்த கோட்டில், ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவுகிறார். பால்குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடாமல் லேசாக வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இந்தச் சாய்வில் வெட்டினால்தான் கூடுதல் குழாய்கள் திறக்கும். சீவிய இடத்தில் முதலில் புள்ளி புள்ளியாக வெள்ளை துளிர்க்கிறது. ஒவ்வொரு புள்ளியும் திறந்த குழாய்களின் வாய். கண்ணிமைப்பதற்குள் புள்ளிகள் சேர்ந்து கோடாகி, கோடு வழிந்து, தகர மடையிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சிரட்டைக்குள்!

“தடியில கத்தி பட்டிரப்பிடாது மக்கா. பட்டா தழும்பு விழுந்திரும். பொறவு அந்த எடத்துல பாலு கெடையாது” என்றார், கத்தியை நிறுத்தாமலே.

பட்டைக்கும் தடிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வளர்படலத்தைத்தான் அவர் காப்பாற்றுகிறார். புதுப் பட்டையும் புதுப் பால்குழாயும் பிறப்பது அங்கேதான். அதைத் தொடாமல் அதற்கு ஒரு மயிரிழை வெளியே கத்தியை ஓட்டுவது, ஒரு நாளைக்கு முந்நூறு மரம் என்ற கணக்கில், அரை இருட்டில்! அந்தக் கைக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த செய்திக்கு வருகிறேன். பால் ஓடும்போது ரைபோசோம், ஆர்.என்.ஏ., புரதங்கள் எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. ஆனால் டி.என்.ஏ. இருக்கும் உட்கரு, குழாயின் உட்சுவரை ஒட்டியே இருந்து, பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது. சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அப்படியே. அதாவது கட்டும் கருவிகள் வெளியேறுகின்றன; கட்டளை மட்டும் வீட்டில் இருக்கிறது. அந்தக் கட்டளையை வாசித்து, இழந்த ரைபோசோம்களையும் புரதங்களையும் மரம் மறுபடி ஆதியிலிருந்து உண்டாக்க வேண்டும். அடுத்த வெட்டுக்குள் உண்டாக்கியும் விடுகிறது! வருடக்கணக்காக, இருபது வருடத்துக்கும் மேலாக, இதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. செல் தன் மரபணுவைப் படித்துத் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் காட்சியை இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு வழக்கமாக நடத்திக் காட்டும் இடம் வேறெங்கே இருக்கிறது?

இதை அக்காவிடம் ஒரே மூச்சில் சொன்னேன். “மரத்துக்கு நேரம் குடுக்கணும்னு எங்களுக்குத் தெரியும்லா. அதான ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். ஆசைப்பட்டு தினமும் வெட்டி, போதாததற்கு மருந்தும் பூசிப் பாலைக் கறந்தால், செல்களால் ஈடுகொடுக்க முடியாது. வெட்டுவாய் காய்ந்துபோய் பட்டைமரப்பு வரும். குமரியின் ரப்பர்க்காரர்கள் அதிகம் பயப்படும் சொல் அது.

சரி, உட்கருவில் இருக்கும் கட்டளை எப்படிப் புரதமாகிறது? ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவோம். அதன் பெயர் ஹெவின். ரப்பர் மரத்தின் அறிவியல் பெயரான ஹெவியாவிலிருந்து வந்த பெயர். பாலில் இருக்கும் லூட்டாய்டு என்ற நுண்பைகளுக்குள் அது நிறைந்திருக்கிறது. பூஞ்சைகளின் சுவரில் இருக்கும் கைட்டினைப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு; வெட்டுவாயில் ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் காயத்தை அடைக்கும் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு. வெட்டும்போது லூட்டாய்டுகள் உடைகின்றன, உள்ளே இருந்த ஹெவினும் மற்றவையும் பாலோடு கலக்கின்றன, கொஞ்ச நேரத்தில் வாய் அடைபடுகிறது. அக்கா காலையில் உரித்துப் பையில் போட்ட ஒட்டுப்பால் இந்த வேலையின் மிச்சம்தான்!

மரத்தில் காயம் பட்டதும் ஹெவினுக்கான மரபணு சுறுசுறுப்பாகிறது. ஆய்வாளர் நடாஷா ரைக்கெலும் அவரது கூட்டாளிகளும் 1990-ல் இதைக் காட்டினார்கள்: காயம் பட்டால் பால்குழாய்களில் ஹெவினின் தூது ஆர்.என்.ஏ. பெருகுகிறது. டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வராது. அதன் ஒரு பகுதி திறந்து, அந்தப் பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ.வில் ஒரு படி எடுக்கப்படுகிறது. ஏ, யு, ஜி, சி என்ற நாலே எழுத்துகளில் எழுதிய அந்தப் படிதான் தூது. உட்கருவின் துளைகள் வழியாக வெளியேறி அது பாலுக்குள் இறங்குகிறது.

அதே 1990-ல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நாம்-ஹாய் சுவாவின் குழு இன்னொரு வேலை செய்தது. ரப்பர் பாலிலிருந்தே ஆர்.என்.ஏ.வை எடுத்து, இலையில் இருக்கும் ஆர்.என்.ஏ.வோடு வைத்துப் பார்த்தது. இலைக்கும் பால்குழாய்க்கும் டி.என்.ஏ. ஒன்றுதான், 36 குரோமோசோம்கள், எழுத்துக்கு எழுத்து அதே வாசகம். ஆனால் ரப்பர் உருவாக்கத்துக்குத் தேவையான என்சைம்களின் தூதுகள் இலையைவிடப் பாலில் 20 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தன. ஒளிச்சேர்க்கைக்கான தூதுகளோ பாலில் மிகக் குறைவு. வெளிச்சமே படாத பட்டைக்குள் அவை எதற்கு! ஒரே நூலை வைத்துக்கொண்டு இலை ஒரு பக்கத்தையும் பட்டை வேறொரு பக்கத்தையும் படிக்கிறது.

தூது வந்து சேர்ந்தாயிற்று. இனி ரைபோசோமின் முறை. இதுதான் புரதம் கட்டும் மிஷின். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம், அத்தனை சிறிது! சிறுபாகம், பெரும்பாகம் என்று இரண்டு பாகம். வேலை இல்லாதபோது அவை தனித்தனியே கிடக்கும். தூது ஆர்.என்.ஏ. கிடைத்ததும் சிறுபாகம் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு நகர்கிறது, ஏ.யு.ஜி. என்ற மூன்றெழுத்தைக் காணும் வரை. அதுதான் தொடக்கக் குறி. கண்டதும் பெரும்பாகம் மேலே வந்து பொருந்துகிறது. வாசிப்பு ஆரம்பம்!

மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிப்பு. நாலு எழுத்தில் மூன்றெழுத்துச் சொற்கள் 64 தான் அமையும். அதில் 61 சொற்கள் ஏதோ ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன, மீதி மூன்றும் ‘நிறுத்து’ என்கின்றன. எந்தச் சொல்லுக்கு எந்த அமினோ அமிலம் என்ற அகராதியைக் கண்டறிந்ததில் பஞ்சாபின் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த் குரானாவுக்குப் பெரும்பங்கு. 1968-ல் அதற்காக நோபல் வந்தது. அந்த அகராதி, சின்னச் சின்ன விலக்குகள் தவிர, ரப்பர் மரத்துக்கும் வெட்டுகிற அக்காவுக்கும் சிரட்டையில் வந்து விழும் எறும்புக்கும் ஒன்றேதான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அமினோ அமிலங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது கடத்து ஆர்.என்.ஏ. அதன் ஒரு முனையில் ஒரு அமினோ அமிலம், மறு முனையில் மூன்று எழுத்து. அந்த மூன்றும் தூதின் மூன்றோடு ஜோடி சேர்ந்தால் உள்ளே அனுமதி. சேராவிட்டால் வெளியே. ஆனால் ஒன்றுபோலவே தோன்றும் தவறான ஜோடியை ரைபோசோம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கேதான் நம் சிதம்பரத்துக்காரர் வருகிறார்!

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர், பரோடாவில் வளர்ந்தவர். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, மனம் உயிரியலில் ஒட்டிக்கொள்ள, மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். 2000-ல் கேம்பிரிட்ஜில் அவர் குழு, ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம் சிறுபாகத்தை அணு அணுவாகப் படம்பிடித்துவிட்டது. அதன்பின் தெரிந்தது அந்தச் சோதனையின் ரகசியம்: ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் இருக்கும் மூன்று எழுத்துகள் இடம்பெயர்ந்து, ஜோடி சேர்ந்த இடத்தின் பள்ளத்துக்குள் நுழைந்து, அதன் வடிவம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கின்றன. முதல் எழுத்துக்கும் இரண்டாவது எழுத்துக்கும் கண்டிப்பு அதிகம், மூன்றாவதில் கொஞ்சம் தளர்வு. அதனால்தான் பல அமினோ அமிலங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் இருந்தும் குழப்பமில்லை. 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

ரைபோசோமின் கதை மருந்துக்கடை வரை நீள்கிறது. டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின், அசித்ரோமைசின் எல்லாம் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் உட்கார்ந்து அதன் வேலையைக் கெடுப்பவை. நம் ரைபோசோம் கொஞ்சம் வேறு அமைப்பு என்பதால் நாம் தப்பிக்கிறோம்.

மறுபடி ஹெவினுக்கு. அனுமதி பெற்ற அமினோ அமிலம் வந்ததும், அதுவரை கட்டிய சங்கிலியைப் பெரும்பாகம் அதோடு இணைக்கிறது. இணைப்பைச் செய்வது புரதம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த இடத்தில் இருப்பதும் ஆர்.என்.ஏ.தான்! புரதங்களை உண்டாக்கும் கருவியின் மையத்தில் புரதம் இல்லை. இணைந்ததும் ரைபோசோம் மூன்று எழுத்து தள்ளி நகர்கிறது, அடுத்தது வருகிறது. தாவர, விலங்குச் செல்களில் பொதுவாக விநாடிக்கு ஐந்தாறு அமினோ அமிலம் என்ற வேகம். ஒரு ரைபோசோம் கொஞ்ச தூரம் போனதும் அதன் பின்னாலேயே அடுத்தது ஏறிக்கொள்ளும். ஒரே தூதில் பல ரைபோசோம்கள் முன்னும் பின்னுமாக ஓடும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சங்கிலி நீண்டுகொண்டே போகும்!

ஹெவினின் தூது சொல்லும் சங்கிலியில் 204 அமினோ அமிலங்கள். மேற்சொன்ன வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் வேலை. செலவு கொஞ்சமல்ல: ஒரு அமினோ அமிலத்தைச் சேர்க்கக் குறைந்தது நான்கு உயர்சக்திப் பிணைப்புகள் உடைய வேண்டும். ஒரே ஒரு சங்கிலிக்கு எண்ணூறுக்கு மேல்! அவ்வளவு சக்தியும் இலையில் உண்டாகி இறங்கிவரும் சர்க்கரையிலிருந்து வர வேண்டும். தை, மாசியில் மரம் இலையை உதிர்த்து நிற்கும்போது பால் குறைவதிலும், வெட்டுக்கு ஓய்வு விடுவதிலும் என்ன ஆச்சரியம்?

சங்கிலியின் முதல் 17 அமினோ அமிலங்கள் விலாசம் மட்டுமே. ‘இதைச் சவ்வுக்கு உள்ளே அனுப்பு’ என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் வெட்டுப்பட்டுப் போகும். மீதி 187. அதுவும் இரண்டாக வெட்டுப்படுகிறது. முதல் 43 தான் நம் ஹெவின், மற்றது 144. வெட்டி, நறுக்கி, தேவையானதை வைத்துக்கொள்ளும் இந்தப் பின்வேலை முழுவதையும் தூதின் எழுத்துகளை மட்டும் பார்த்து ஊகிப்பது எளிதல்ல.

அடுத்தது மடிப்பு. தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பூவையும் இலையையும் வரிசை மாறாமல் வைப்பதோடு, ஒவ்வொன்றையும் மடிக்கிற மடிப்பில்தான் மாலையின் அழகு முழுக்க இருக்கிறது. புரதத்துக்கும் வரிசை பாதிதான், மடிப்புதான் மீதி. ஹெவினின் 43-ல் எட்டு சிஸ்டீன்கள், இரண்டிரண்டாகக் கைகோத்து நான்கு கந்தகப் பிணைப்புகள். அவ்வளவு சின்ன உருவத்தில் நாலு பூட்டு! சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் கணக்குப் போட்டு ஒரு வரைபடம் தந்தார்கள். இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும் ‘ராமச்சந்திரன் வரைபடத்தில்’ அது சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள்.

இத்தனை சொல்லியும் ரப்பரைப் பற்றிச் சொல்லவில்லையே என்கிறீர்களா? ரப்பர் புரதம் இல்லை. ஐசோப்ரீன் என்ற சின்ன அலகு ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி அது. ‘ரப்பர்’ என்று எந்த மரபணுவிலும் எழுதியிருக்காது. மரபணுவில் இருப்பது புரதங்களுக்கான வரிசை. அந்தப் புரதங்கள் ரப்பர்த் துகளின் மேற்பரப்பில் உட்கார்ந்து ரப்பரைக் கோக்கின்றன. துகளின் மேலேயே இருக்கும் ஒரு முக்கியப் புரதத்துக்கு 137 அமினோ அமிலம் நீளம், பெயர் ‘ரப்பர் நீட்டிப்புக் காரணி’. இன்னொன்று தெரியுமா? சிரட்டைக்கு வந்த பிறகும் வேலை நின்றுவிடுவதில்லை! புதுப் பாலில் மூலப்பொருளைக் கலந்தால் அது குடுவைக்குள்ளேயே ரப்பராக மாறுவதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

பாலைச் சேகரித்து, தட்டில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் கலக்கிறார்கள் இல்லையா, அதுவும் புரதக் கதைதான். துகள்களின் மேலிருக்கும் புரதங்கள் எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. ஆசிட் அந்த மின்னூட்டத்தைத் தணித்ததும் எல்லாம் கட்டியாகின்றன. கட்டியை ரோலரில் விட்டு ஷீட்டாக்கிப் புகையில் தொங்கவிடுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் மூக்கைத் துளைக்கும் வாடை, புரதங்களும் கூட வந்த மற்றவையும் அழுகுவதால் வருவது.

குமரியில் இந்த நாடகம் எத்தனை மரங்களில் நடக்கிறது! தமிழ்நாட்டின் ரப்பர் என்றாலே இந்த மாவட்டம்தான். 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு என்று மலையெல்லாம் விரிந்திருக்கின்றன. சிறு விவசாயிகளின் தோட்டங்கள் தனி. பலரிடமும் இருப்பது கோட்டயத்தில் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.ஐ. 105. ஜாவாவின் ஜிர் 1, மலேசியாவின் கிளென்ஷீல் 1 இரண்டையும் கலந்து பிறந்த ஒரே ஒரு தாய்மரத்தின் மொட்டைத் திரும்பத் திரும்ப ஒட்டுக்கட்டி வந்தவை இவை. அப்படியானால் அந்த மரங்கள் அனைத்திலும் டி.என்.ஏ. வாசகம் ஒன்றே! மலைச்சரிவு முழுக்க ஒரே நூலின் படிகள், ஒரே விடியலில், ஒரே வரிகளை வாசித்துக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக ஒரு சொந்தக்காரரை அறிமுகப்படுத்த வேண்டும். இளம் ரப்பர்க் கன்றுகளின் இடையில் முதல் சில வருடங்கள் வாழை வைப்பது இங்கே வழக்கம். வாழைக்குள் கைட்டினைச் சிதைக்கும் ஒரு என்சைம் இருக்கிறது. அதன் ஒரு துண்டும் நம் ஹெவினும் அமினோ அமில வரிசையில் பெரிதும் ஒத்துப்போகின்றன! ரப்பர் கையுறை பட்டால் தடிப்பும் அரிப்பும் வருகிறவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான். அவர்கள் உடம்பின் எதிர்ப்புப் புரதம் ஹெவினை அடையாளம் வைத்திருக்கிறது. பழத்தில் அதே முகத்தைக் கண்டதும் பாய்கிறது. வாழைப்பழம் தின்று உதடு தடிக்கிற அனுபவம் உங்களுக்கு இருந்தால், பல் பிடுங்கப் போகும்போதோ ஆபரேஷனுக்குப் போகும்போதோ டாக்டரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரப்பர் இல்லாத கையுறை எடுத்துப் போட்டுக்கொள்வார்.